மெர்ரியா, ஹேப்பியா? கிறிஸ்துமஸ் அட்டையில் எதை எழுதுவது?

கேள்வி: வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் கிறிஸ்துமஸ் அட்டைக்கு வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று எழுதினேன். 'ஹேப்பி'தான் மரியாதை என்கிறார் ஒருவர், 'ஹேப்பி ஹாலிடேஸ்' போதும் என்கிறார் இன்னொருவர். 'எக்ஸ்மஸ்' என்று சுருக்கினால் தவறா?

பதில்: நீங்கள் எழுதியதை மாற்றவே வேண்டாம். 'மெர்ரி' என்றாலே கும்மாளம் என்ற எண்ணம் பிற்காலத்தது. 1534 டிசம்பரில் ஆயர் ஜான் ஃபிஷர், லண்டன் கோபுரச் சிறையிலிருந்து மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லுக்கு ஒரு கடிதம் எழுதினார். இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியை எதிர்த்ததால் அடைபட்டிருந்த முதியவர் அவர். உடுத்த நல்ல சட்டை இல்லை, துணிமணி கொடுத்து உதவுங்கள் என்று கேட்டுவிட்டு, உங்களுக்கு 'மெர்ரி கிறிஸ்துமஸ்' அமைய ஆண்டவர் அருளட்டும் என்று முடிக்கிறார். அடுத்த ஜூனில் அவரது தலை வெட்டப்பட்டது. அந்த நிலையில் இருந்தவர் ஆட்டம் பாட்டத்தையா வாழ்த்தியிருப்பார்? மனநிறைவு, நிம்மதி என்பதுதான் அங்கே பொருள். எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனதற்கு அந்தக் கடிதமே காரணம்.

'மெர்ரி' என்பதில் லேசான போதை என்ற பொருளும் உண்டு. 1843-இல் பிரிட்டிஷ் அரசு அதிகாரி ஹென்றி கோல் அச்சிட்ட முதல் வணிக கிறிஸ்துமஸ் அட்டையில் இருந்ததும் 'மெர்ரி கிறிஸ்துமஸ்', 'ஹேப்பி நியூ இயர்' வாசகம்தான். ஆனால் அதன் படத்தில் குடும்பமே ஒயின் கோப்பையோடு இருந்ததால் மதுவிலக்குக்காரர்கள் கொதித்தார்கள். இந்த வாடை வேண்டாம் என நினைப்பவர்களுக்கு 'ஹேப்பி' வசதி. பிரிட்டனில் இன்றும் அது சகஜம், இரண்டாம் எலிசபெத் அரசியும் தன் கிறிஸ்துமஸ் உரைகளில் பெரும்பாலும் 'ஹேப்பி' என்றே வாழ்த்தி வந்தார். இரண்டில் எதை எழுதினாலும் மரியாதை குறையாது.

'எக்ஸ்மஸ்' கிறிஸ்துவை நீக்கிவிடுகிறது என்பார்கள். அப்படியில்லை. அந்த 'எக்ஸ்', கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பெயரின் முதல் எழுத்தான 'கை' (Χ). பழைய கையெழுத்துப் பிரதிகளிலேயே இந்தச் சுருக்கம் உண்டு. ஆனாலும் அச்சடித்த அட்டையில் வேண்டாம்: அவசரத்தில் எழுதியதுபோல் தெரியும், விவரம் அறியாதவர் மனம் வருந்தவும் கூடும்.

'ஹாலிடே' என்பதே 'புனித நாள்' என்ற பழைய சொல்லிலிருந்து வந்ததுதான், ஆகவே அதுவும் வெற்று வார்த்தை இல்லை. யார் எந்தப் பண்டிகை கொண்டாடுகிறார் என்று தெரியாத பொதுப் பட்டியலுக்கு அது பொருத்தம். கிறிஸ்தவர் என்று தெரிந்த ஒருவருக்கு அதை அனுப்பினால், அவர் பண்டிகையின் பெயரைச் சொல்லத் தயங்கியதுபோல் ஆகிவிடும். யூதர் என்று தெரிந்தால் 'ஹேப்பி ஹனுக்கா' எழுதுங்கள், ஆனால் ஹனுக்கா என்ற அந்த யூதப் பண்டிகை அந்த ஆண்டு எந்தத் தேதியில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாள் ஆண்டுதோறும் மாறும்.

அட்டை தாமதமானாலும் கவலை வேண்டாம். மரபுப்படி கிறிஸ்துமஸ் காலம் 12 நாள், ஜனவரி 5 வரை வாழ்த்தலாம். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையைச் சேர்ந்தவர்களுக்குப் பண்டிகையே ஜனவரி 7 அன்றுதான்.