பதிவு அட்டை மட்டும் போதுமா? சிறு நகரத்திலிருந்து வேலை தேடுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குத் துணையாக உட்காருகிறேன். கலெக்டர் ஆபீஸுக்குப் போவதென்றால் ஒரு நாளையே ஒதுக்க வேண்டிய ஊர்களில் இருப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன்.

சங்கரன்கோவில், பி.ஏ. முடித்த இளைஞர்: மேடம், பத்தாம் வகுப்பு முடித்ததும் பள்ளியிலேயே வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் பெயரைப் பதிந்துவிட்டார்கள். வருடங்கள் ஓடிவிட்டன, ஒரு அழைப்புக் கடிதம்கூட வரவில்லை. இனியும் புதுப்பிக்கத்தான் வேண்டுமா?

புதுப்பியுங்கள் தம்பி. ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். உங்கள் அப்பா காலத்தில் சீனியாரிட்டிப்படி கார்டு வந்து வேலைக்குப் போனவர்கள் உண்டு. இன்றைக்கு இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர், காவலர் எல்லாம் தேர்வு வழியாகத்தான். ஓட்டுநர், அலுவலக உதவியாளர், இரவுக் காவலர் போன்ற சில பணியிடங்களுக்குத்தான் பதிவுப் பட்டியல் கேட்பார்கள். அதிலும் 1996-இல் உச்ச நீதிமன்றம், பட்டியலோடு நிறுத்தாமல் பத்திரிகையிலும் விளம்பரம் செய்து நேரடி விண்ணப்பங்களையும் பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. ஆகவே விளம்பரம் வந்தால் நீங்களும் தனியாக விண்ணப்பம் போடுங்கள். "நம்ம பேர்தான் பட்டியலில் இருக்குமே" என்று இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் பி.ஏ.வைப் பதிவில் சேர்த்தீர்களா? பலர் பத்தாவதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படியென்றால் பட்டதாரிப் பட்டியலில் நீங்கள் இல்லவே இல்லை. கூடுதல் தகுதியை இணையத்திலேயே சேர்க்கலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய மாதத்தை அலைபேசியில் குறித்து வையுங்கள். தவறவிட்டால் சீனியாரிட்டி போய்விடும். அரசு அவ்வப்போது சலுகை அறிவிக்கும், அதுவரை காத்திருக்கும் நிலைமை உங்களுக்கு வேண்டாம்.

முதுகலை, பொறியியல், மருத்துவம் போன்ற படிப்புகளுக்கு மட்டும் பதிவு வேறு இடம்: சென்னையிலும் மதுரையிலும் உள்ள தொழில் மற்றும் செயல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள்.

அரூர், ஒரு தாயார்: என் மகள் பிளஸ் டூ முடித்துப் பதிந்து ஆறு வருடம் ஆகிறது. அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படிக்கிறாள். வேலையில்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை கிடைக்குமா அம்மா? வாங்கினால் பதிவு ரத்தாகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

ரத்தாகாது, பயப்படாமல் விண்ணப்பியுங்கள். பதிவு ஐந்து ஆண்டு தொடர்ந்து உயிரோடு இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது வரம்பு 40, ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. தினமும் கல்லூரிக்குப் போய்ப் படிப்பவர்களுக்குத்தான் இது கிடையாது, தொலைநிலைக் கல்விக்குத் தடையில்லை. மாதத்துக்கு, பத்தாம் வகுப்பு தவறியவர்களுக்கு 200, தேறியவர்களுக்கு 300, பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய். மூன்று ஆண்டுகள் வரை, காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். ஆண்டுதோறும் சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க மறந்தால் நின்றுவிடும். தொகை சிறியதுதான். ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கும் பஸ்ஸுக்கும் வீட்டில் கை நீட்ட வேண்டாம் என்பது ஒரு பெண்பிள்ளைக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் பார்த்திருக்கிறேன்.

செய்யாறு: பதிவு செய்து தர ஒருவர் 1,500 கேட்கிறார். கொடுக்கலாமா?

வேண்டாம். பதிவு இலவசம். வீட்டிலிருந்தே செய்யலாம், இல்லையென்றால் அலுவலகத்துக்கே போகலாம்.

அறந்தாங்கி, டிப்ளமோ முடித்தவர்: வேலைவாய்ப்பு அலுவலகம் வெள்ளிக்கிழமை நடத்திய தனியார் வேலை முகாமுக்குப் போனேன் மேடம். பதினாறாயிரம் என்றார்கள். சேர்ந்த பிறகு கைக்கு வந்தது வேறு. இந்த முகாம்களை நம்பலாமா?

முகாமை நம்பலாம், கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போடத்தான் கூடாது. உங்கள் கதையே எல்லோருக்கும் பாடம் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

16,000 என்பது மொத்தச் சம்பளம். அதில் அடிப்படைச் சம்பளம் 12,000 என்று வையுங்கள். பி.எஃப். என்கிற வருங்கால வைப்பு நிதிக்கு அதில் 12 சதவீதம், 1,440 போய்விடும். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 120 ரூபாய். மீதி 14,440. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 3,000 பிடித்தால் 11,440. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதைக் குறை சொல்லமாட்டேன். அது உங்கள் பணம், உங்கள் மருத்துவம். பிடித்தம் இல்லாமல் கையில் முழுதாகத் தருகிறேன் என்பவரிடம்தான் நான் எச்சரிக்கையாக இருப்பேன். ஆனால் இந்தக் கணக்கு மேசையில் உட்கார்ந்திருக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் ஹெச்.ஆர். முன்னால் உட்கார்ந்ததும் கேளுங்கள்: "சார், எல்லாம் போகக் கையில் எவ்வளவு வரும்? ஓவர்டைம் கட்டாயமா? நான் கம்பெனி ரோலா, கான்ட்ராக்ட் ரோலா?" இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். வாசலில் பெரிய கம்பெனியின் பேனர் இருக்கும், ஆர்டரில் ஏதோ ஒரு ஆள் சேர்ப்பு ஏஜென்சியின் பெயர் இருக்கும். ஏஜென்சி ரோலில் சேர்வது தவறில்லை, தெரியாமல் சேர்வதுதான் தவறு. கேட்டால் வேலை தரமாட்டார்கள் என்று பிள்ளைகள் தயங்குகிறார்கள். மரியாதையாகக் கேட்ட ஒருவரையும் அதற்காக அனுப்பிவிட்டதை நான் பார்த்ததில்லை. பதிலை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதுவதைப் பார்த்தால் பேசுகிறவரும் யோசித்துப் பேசுவார்.

சொன்னதற்கும் தந்ததற்கும் சம்பந்தமே இல்லை என்றால் முகாம் நடத்திய அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அடுத்த முகாமுக்கு அந்த நிறுவனத்தை அழைக்கலாமா என்று முடிவு செய்ய அந்தத் தாள் உதவும். அரசின் தனியார் துறை வேலை இணையதளத்திலும் இலவசமாகப் பதிந்து வையுங்கள். முகாம் அன்று வரமுடியாதவர்களுக்கு அது நல்ல வழி.

பரமக்குடி: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஆதாரில் அப்பா பெயர் பின்னால் முழுதாக இருக்கிறது. பிரச்சினை வருமா?

வரும். சான்றிதழ் சரிபார்ப்பில் நான் அதிகம் பார்த்த சங்கடமே இதுதான். ஒரு எழுத்து கூட வந்திருக்கும், பிறந்த தேதியில் மாதம் மாறியிருக்கும். சாதிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒருவிதம், ரேஷன் கார்டில் இன்னொரு விதம். பிள்ளை நல்ல மார்க் எடுத்து வந்து நிற்கும், ஃபைல் நகராது.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதார் திருத்தம் எளிது, மதிப்பெண் சான்றிதழில் திருத்துவது பெரும்பாடு. ஒரு சாயங்காலம் எல்லாச் சான்றிதழையும் தரையில் வரிசையாகப் பரப்பி, விரலை வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பக்கத்தில் வேறொருவர் உட்கார்ந்து வாசிக்கட்டும். நம் பெயரில் உள்ள பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

அப்படியே தமிழ்வழியில் படித்தவர்கள் அதற்கான சான்றிதழை இப்போதே வாங்கிவிடுங்கள். அரசுப் பணியில் 20 சதவீதம் அவர்களுக்கு முன்னுரிமை ஒதுக்கீடு. 2020-இல் வந்த திருத்தத்தின்படி ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும். நான்கு பள்ளி மாறியிருந்தால் நான்கு தலைமையாசிரியர்களிடம் போக வேண்டும். கோடை விடுமுறையில் தேர்வு முடிவு வந்து, பள்ளி பூட்டியிருக்க, வாசலில் நிற்காதீர்கள்.

திருத்துறைப்பூண்டி, 34 வயதுப் பெண்: அம்மா, கணவர் இறந்து இரண்டு வருடம். எட்டாவது வரை படித்தேன். தையல் கொஞ்சம் தெரியும். யாரைப் போய்ப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

உங்களுக்கு மூன்று கதவுகள் இருக்கின்றன அம்மா, இந்த வரிசையிலேயே போங்கள்.

முதலில் இ-சேவை மையத்தில் ஆதரவற்ற விதவைச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், கோட்டாட்சியர் தருவார். வேலைவாய்ப்புப் பதிவில் அது முன்னுரிமை. அரசுப் பணிகளில் பெண்களுக்கான 30 சதவீதத்துக்குள் ஆதரவற்ற விதவைகளுக்கென்று தனி ஒதுக்கீடும் உண்டு. எட்டாவது படித்தவர்களுக்கான பணியிடங்களும் வரும்.

அடுத்தது, மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். தையல், ஆரி வேலைப்பாடு, செல்போன் பழுது நீக்குதல், ஆடு வளர்ப்பு என்று பல பயிற்சிகள். கட்டணம் இல்லை, சாப்பாடும் தங்குமிடமும் இலவசம். பயிற்சி முடிந்ததும் கைவிட்டுவிடாமல் வங்கிக் கடன் வரை கூட வருவார்கள். இந்த நிலையத்தைப் பற்றி நம் ஊர்ப்பக்கம் இத்தனை பேருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்குத் தீராத வருத்தம்.

கடைசியாக மாவட்டத் தொழில் மையம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நீங்கள் பெண் என்பதால் சொந்த முதலீடு 5 சதவீதம் போதும், கிராமப்பகுதியில் மானியம் 35 சதவீதம். அந்த மானியம் கையில் வராது, மூன்று ஆண்டு வங்கியில் உங்கள் கடன் கணக்கின் பேரில் இருந்து பிறகுதான் கழியும். இதை முதலிலேயே தெரிந்துகொண்டு கடன் வாங்குங்கள். அவசரம் வேண்டாம். பயிற்சி முடித்து, நாலு பேருக்குத் தைத்துப் பார்த்து, பிறகு பெரிய மெஷினுக்குப் போகலாம். உங்கள் ஊரில் மகளிர் குழு இருந்தால் சேர்ந்துவிடுங்கள். தனியாக அலையாமல் இருக்கவாவது அது உதவும்.

விருத்தாசலம்: தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000, டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். போகலாமா அக்கா?

போகவே கூடாது தம்பி. இதே வார்த்தைகளைச் சொல்லித்தான் நம் பிள்ளைகளை மியான்மர், கம்போடியா, லாவோஸ் எல்லைக்குக் கொண்டுபோய் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, இணைய மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள். டூரிஸ்ட் விசாவில் வேலை என்ற ஒரு வரி போதும், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

வெளிநாடு போவதைத் தடுக்கவில்லை. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது, அங்கே பதியுங்கள். தனியார் ஏஜென்ட் என்றால் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் உரிம எண்ணைத் தேடிப் பாருங்கள். உரிமம் பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். லட்சக்கணக்கில் கேட்டால் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. ஏற்கெனவே பணத்தை ஆன்லைனில் அனுப்பியிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஆத்தூர், ஒரு தந்தை: எட்டு லட்சம் கொடுத்தால் குரூப் 4-இல் வேலை உறுதி என்று தெரிந்தவர் சொல்கிறார். நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறேன்.

ஐயா, நிலத்தை விற்காதீர்கள். 2019 குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் முறைகேடு நடந்தது வெளியே வந்தபோது 99 பேருக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமான டி.என்.பி.எஸ்.சி. வாழ்நாள் தடை விதித்தது. பணம் போனது ஒரு பக்கம், பிள்ளையின் எதிர்காலமும் அதோடு போயிற்று. அந்த எட்டு லட்சத்தில் ஒரு சிறு பங்கு போதும், உங்கள் பிள்ளை இரண்டு வருடம் நிம்மதியாக உட்கார்ந்து படிக்க.

அறந்தாங்கி, இன்னொருவர்: தம்பி பத்தாவதில் தவறிவிட்டான். வீட்டிலேயே இருக்கிறான்.

எட்டாவது தேறியிருந்தால் அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் போன்ற பிரிவுகளில் சேர்க்கலாம். பயிற்சி இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. முடித்ததும், நிறுவனத்திலேயே வேலை பழகும் அப்ரண்டிஸ் பயிற்சிக்குப் போகச் சொல்லுங்கள். துணைத்தேர்வையும் விடவேண்டாம்.

செய்யாறு, மாற்றுத்திறனாளிப் பட்டதாரி: உதவித்தொகைக்கு நானும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பதிந்து ஓராண்டு போதும். பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய், பத்து ஆண்டுகள் வரை. மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையைப் பதிவில் இணைத்துவிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி அரசுப் பணியில் 4 சதவீதம் உங்களுக்கானது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

சங்கரன்கோவில், பிளஸ் டூ முடித்த பெண்: மேடம், இலவசப் பயிற்சி வகுப்பு மாவட்ட அலுவலகத்தில் நடக்கிறது. தினமும் போய்வர வீட்டில் விடமாட்டார்கள். கோச்சிங் சென்டருக்கும் வசதியில்லை.

தன்னார்வப் பயிலும் வட்டத்தைச் சொல்கிறாய். தினமும் போக முடியாவிட்டால் மாதிரித் தேர்வு அன்று மட்டும் போ. நாற்பது பேரோடு உட்கார்ந்து, மணி பார்த்து எழுதுவதை வீட்டில் பழக முடியாது. பாடக் காணொளிகளையும் குறிப்புகளையும் வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்திலேயே வைத்திருக்கிறார்கள், இலவசம்.

குரூப் 4-க்குத் தகுதி பத்தாம் வகுப்புத்தான். 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். தமிழ்ப் பகுதியில் 60 மதிப்பெண் வராவிட்டால் மீதி விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். நீ தமிழ்வழியில் படித்தவள் என்றால் உன் பலமே அதுதான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் புத்தகங்களை எடு. இலக்கணத்தை மட்டுமல்ல, ஆசிரியர் குறிப்பு, நூல்வெளி, சொல்லும் பொருளும் என்று பெட்டிக்குள் இருப்பதையெல்லாம் படி. கேள்விகள் அங்கிருந்து வருகின்றன. புத்தகம் வாங்க வேண்டாம், தெருவில் ஏழாவது படிக்கும் பிள்ளையிடம் இரவல் கேள்.

உன் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்கென்று தனி அலமாரி இருக்கிறதா என்று நூலகரிடம் கேள். இல்லையென்றால் உன்னைப் போல் படிப்பவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் அனுப்பத் தயங்கினால் அம்மாவையும் ஒருநாள் நூலகத்துக்கு அழைத்துப் போ. வந்து பார்த்த பிறகு மறுப்பவர்கள் குறைவு.