தூர்காவ் வழக்கறிஞர் பாரிஸ் தூதரானது எப்படி?

கேள்வி: சுவிட்சர்லாந்தின் உள்நாட்டு அரசியலில் இருந்த யோஹான் கொன்ராட் கெர்ன், தூதராகப் பாரிசுக்குப் போனது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், பழைய அறிமுகம். கெர்ன் 1808இல் தூர்காவ் மாநிலத்தில் பிறந்தவர். முதலில் இறையியல் படித்தார், அப்புறம் சட்டத்துக்கு மாறினார். அதே மாநிலத்தின் ஆரெனென்பெர்க் மாளிகையில்தான் நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியன் வளர்ந்தார். 1838இல் அவரை வெளியேற்றச் சொல்லி பிரான்ஸ் மிரட்டியபோது, சுவிஸ் மாநிலங்களின் பொதுச்சபையில் எதிர்த்து வாதாடியவர் கெர்ன். இளவரசர் கடைசியில் தானாகவே இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார்.

1848 கூட்டாட்சி அரசமைப்பை எழுதியவர்களில் கெர்னும் ஒருவர். பிறகு உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றம், சூரிச்சில் புதிதாகத் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியின் நிர்வாகம் என்று எல்லா இடத்திலும் தலைமைப் பொறுப்பு. ஆனால் திருப்பம் வந்தது, ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மன்னர் உரிமை கோரிவந்த சுவிஸ் மாநிலமான நொய்ஷாட்டெல் சிக்கலில்தான். 1856இல் அங்கே பிரஷ்ய மன்னரின் ஆதரவாளர்கள் கிளர்ச்சி செய்து தோற்றார்கள். பிரஷ்யா போருக்கே தயாரானது. சமரசம் செய்யக்கூடியவர் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன். ஆம், அதே லூயி! அவரிடம் அனுப்ப கெர்னைவிடப் பொருத்தமான ஆள் யார்?

1857 மே மாதம் பாரிசில் உடன்பாடு கையெழுத்தானது. பிரஷ்ய மன்னர் நொய்ஷாட்டெல் மீதான உரிமையை விட்டுக்கொடுத்தார். கெர்ன் பாரிசிலேயே தூதராகத் தங்கிவிட்டார், 1883 வரை. நண்பரின் பேரரசு 1870இல் கவிழ்ந்தது. நகரம் முற்றுகைக்குள்ளானபோதும் அவர் அங்கேயேதான் இருந்தார்.