‘வக்கீல் மாமா’ வாங்கிய கையெழுத்து

கேள்வி: எனக்கு 31 வயது. தங்கச்சிமடம் பக்கம் ஊர். மகளுக்கு ஒன்பது, மகனுக்கு ஐந்து வயது. 14 மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு விசைப்படகில் பங்கு இருக்கிறது. என் நகை 18 பவுன் அந்தப் படகு இன்ஜினுக்காக பேங்கில் இருக்கிறது. குடியும் அடியும் தாங்காமல்தான் வந்தேன். இப்போது அவரே, ‘ரெண்டு பேரும் சம்மதிச்சுப் பிரிஞ்சுக்குவோம்’ என்கிறார். வக்கீல் அவருக்குச் சித்தப்பா முறை, நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு பேருக்கும் அவரே பார்ப்பதால் எனக்கு ஃபீஸ் மிச்சம். அச்சடித்த ஃபாரம் ஒன்றிலும் வெள்ளைத்தாள் மூன்றிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எனக்கு எதுவும் வேண்டாம், நிம்மதி போதும். என் கவலை மகளைப் பற்றித்தான். அவளிடம் இதை எப்படிச் சொல்வது? எத்தனை மாதத்தில் முடியும்? ஊர்க்கூட்டத்தில் எழுதி முடித்தாலும் செல்லுமா?
(பெயர் வேண்டாம்)

பதில்: மகளிடம் சொல்வது இருக்கட்டும். அந்த மூன்று வெள்ளைத்தாள் இப்போது யாரிடம் இருக்கிறது?

இரண்டு பக்கம் கடிதத்தில் கையெழுத்துக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள், அதையும் ஃபீஸ் மிச்சம் என்ற சந்தோஷத்தோடு. மீன் விற்கும்போது எடைக்கல்லைத் திருப்பிப் பார்க்கிற ஊர்க்காரர் நீங்கள். வெறும் தாளில் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்? மாமா என்று கூப்பிட்ட ஒரு சொல்லுக்காகப் போட்டிருக்கிறீர்கள். முறை சொல்லி அழைப்பது கல்யாண வீட்டுக்குச் சரி. வழக்கில் அவர் உங்கள் கணவரின் வக்கீல். நலன் மோதுகிற இரண்டு பேருக்கு ஒரே வக்கீல் நிற்பது தொழில் நெறிக்கே ஒவ்வாதது. நகையைத் திருப்பித் தர வேண்டியவருக்கும் வாங்க வேண்டியவருக்கும் ஒருவரே பேசினால், பேச்சு யார் பக்கம் சாயும்?

அந்த அச்சடித்த ஃபாரம் பெரும்பாலும் வக்காலத்தாக, அதாவது உங்களுக்காக வழக்கு நடத்த அவருக்கு அதிகாரம் தரும் பத்திரமாக இருக்கும். அதை வைத்து உங்கள் சார்பில் அவர் நோட்டீஸ் வாங்கலாம், வாய்தா வாங்கலாம், ஆஜராகாமலும் இருக்கலாம். கணவர் தனியாக மனுப் போட்டு, உங்கள் பக்கத்தில் யாரும் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒரு தரப்பை மட்டும் கேட்டுச் சொல்லும் தீர்ப்பு வரும். அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் அவகாசம். சம்மன் உங்களிடம் முறைப்படி சேரவே இல்லை என்றால் மட்டும், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். வெள்ளைத்தாள்கள் பிரமாணப் பத்திரமாகலாம், உடன்படிக்கையாகலாம். ‘நகைகளையும் முழு ஜீவனாம்சத்தையும் பெற்றுக்கொண்டேன்’ என்று டைப் அடிக்க எத்தனை நிமிடம்? இன்னொரு வரி அதைவிடக் கெட்டது: ‘இருவரும் மனம் ஒப்பித் தனித்தனியே வாழ்கிறோம்.’ மனம் ஒப்பிப் பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று சட்டத்திலேயே இருக்கிறது. அடி தாங்காமல் வந்த உங்களை, இஷ்டப்பட்டு வந்தவள் ஆக்கிவிடும் வரி அது.

முதல் வேலை, வழக்குப் பதிவாகிவிட்டதா என்று பார்ப்பது. செல்போனில் இ-கோர்ட்ஸ் செயலியில் தமிழ்நாடு, ராமநாதபுரம் என்று தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரும் ஆண்டும் கொடுத்துத் தேடுங்கள். காசு கிடையாது. பெயரை ஆங்கிலத்தில் எப்படி அடித்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. இனிஷியல் முன்னால், பின்னால், ஒரு எழுத்து கூட, குறைய என்று நாலைந்து விதமாகத் தேட வேண்டும். கணவர் பெயரிலும் தேடுங்கள். ஹெச்.எம்.ஓ.பி. எண், அதாவது இந்துத் திருமண வழக்கின் எண், கிடைத்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை வைத்து மனுவின் நகல் கேட்கலாம்.

அடுத்து, ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, பெண் என்றாலே இலவச சட்ட உதவி உண்டு. வருமான வரம்பு இல்லை, எனவே வருமானச் சான்றும் தேவையில்லை. யாராவது கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். வக்கீல் ஃபீஸ், கோர்ட் ஃபீஸ், நோட்டீஸ் செலவு, நகல் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நீங்கள் மிச்சம் பிடித்ததாக நினைத்த ஃபீஸை அரசாங்கமே கொடுக்கக் காத்திருக்கிறது! முதலில் போனில் கேட்பதானால் 15100. கையில் ஆதார், கல்யாணப் பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்று இருக்கட்டும். அடிபட்டதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் அதுவும். மனு வெள்ளைத்தாளில் எழுதினால் போதும். இந்த வெள்ளைத்தாளை எழுதி முடித்து, வாசித்துக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மாமாவின் பெயரை அங்கே வெளிப்படையாகச் சொல்லி, அவரோடு தொடர்பில்லாத வக்கீல் வேண்டும் என்று மனுவிலேயே எழுதுங்கள். பெண் வக்கீல் வேண்டுமென்றாலும் கேட்கலாம். இலவச வக்கீல் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள். கையில் கேஸ் நிறைய இருக்கும், நீங்கள் போன் செய்யாவிட்டால் உங்கள் கேஸ் கட்டு அடியில் போய்விடும். ஒவ்வொரு வாய்தா தேதியையும் நீங்களே எழுதி வையுங்கள். தனியாகப் பணம் கேட்டாலோ, ஆஜராகாமல் விட்டாலோ ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் ஒரு நீதிபதி. வக்கீலை மாற்றித் தருவார்கள். புது வக்கீல் செய்ய வேண்டிய முதல் காரியம் வக்காலத்து மாற்றம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லிப் பழைய வக்கீல் உங்கள் கட்டைப் பிடித்து வைக்க முடியாது. உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது.

ஆணைக்குழுவில் சமரசத்துக்கு உட்கார வைப்பார்கள், போகலாம். ஆனால் லோக் அதாலத் என்ற மக்கள் நீதிமன்றத்தில் எழுதிக் கையெழுத்தானால் அதற்கு மேல்முறையீடு கிடையாது. அவசரக் கைக்காரரான உங்களுக்காகத்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

இனி ‘எனக்கு எதுவும் வேண்டாம்’. உங்கள் பங்கை நீங்கள் விடலாம், அது உங்கள் இஷ்டம். பிள்ளைகளின் பங்கை விட நீங்கள் யார்? ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் ஐந்து வயதுப் பையனுக்கும் சோறும் படிப்பும் தருவது தகப்பன் கடமை. கணவன் மனைவி உறவு அறுந்தாலும் அது அறுவதில்லை. தாய் எழுதிக் கொடுத்தாலும் அது பிள்ளைகளைக் கட்டுப்படுத்தாது. நிம்மதி போதும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அந்த நிம்மதிக்கான செலவை உங்கள் அம்மா அல்லவா கொடுத்துக்கொண்டிருக்கிறார்?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144ஆவது பிரிவில், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125தான் அது, உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஜீவனாம்ச மனுப் போடச் சொல்லுங்கள். நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்துக்குரிய நீதிமன்றத்திலேயே போடலாம். மனுக் கொடுத்த தேதியிலிருந்துதான் தொகை கணக்காகும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. ஆகவே நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைகளுக்கு நட்டம். உத்தரவான பின் கணவர் கட்டாமல் விட்டால், பாக்கியை ஒரு வருடத்துக்குள் கேட்டு மனுப் போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். மொத்தமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள்.

அவர் என்ன சொல்வார் என்பதும் தெரிந்ததுதான்: ‘நான் வெறும் கூலி, கடலுக்குப் போனால்தான் காசு, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வேறு.’ இரு தரப்பும் சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் போட்டே ஆக வேண்டும். படகுப் பதிவுச் சான்று மீன்வளத் துறையிடம் இருக்கிறது, மானிய டீசலுக்குக் கணக்கு இருக்கிறது, மீன் கம்பெனியில் பில் இருக்கிறது. இவற்றை வரவழைக்க உங்கள் வக்கீல் மனுப் போடட்டும். படகு மாமனார் பெயரில் இருந்தால் வேலை கூடும். அப்போது உங்கள் நகைக் கடன்தான் சாட்சி: எந்தத் தேதியில் அடகு, எவ்வளவு பணம், அடுத்த வாரம் இன்ஜின் வாங்கிய ரசீது. தேதிகள் பேசும்.

அந்த 18 பவுன் சீதனம், அதாவது உங்கள் சொத்து. கணவர் கையில் இருந்தாலும் அவர் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்தான், சொந்தக்காரர் இல்லை என்று 1985லேயே தீர்ப்பு வந்துவிட்டது. உருப்படி, எடை, யார் போட்டது என்று இன்றே ஒரு தாளில் எழுதுங்கள். கல்யாண போட்டோவில் கழுத்தும் கையும் தெரிகிற இரண்டைப் பெரிதாக்கி அதோடு வையுங்கள். அடிக்கும் நகைக்கும் சேர்த்து 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தில் மனுப் போடலாம். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

இவ்வளவுக்குப் பிறகும் சம்மதித்துப் பிரிவதுதான் சரி என்றால் பிரியுங்கள், தடுக்கவில்லை. முதல் மனுவுக்கும் இரண்டாவது வாக்குமூலத்துக்கும் நடுவே ஆறு மாதம். அதைத் தள்ளுபடி செய்ய 2017 தீர்ப்பு இடம் தருகிறது, ஆனால் அதற்குப் பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும், கொடுக்கல் வாங்கல் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. ‘தடைக்காலம் முடிஞ்சதும் தர்றேன்’, ‘படகை வித்துத் தர்றேன்’ என்பதை ஒப்பந்தத்தில் ஏற்காதீர்கள். எல்லையில் படகு பிடிபட்டால் உங்கள் பணமும் அதோடு இலங்கைக் கரையில் கிடக்கும். நகை எடை போட்டுக் கைக்கு வர வேண்டும், பணம் டிடியாக நீதிமன்றத்திலேயே வர வேண்டும், அதன் பிறகுதான் இரண்டாவது வாக்குமூலம். பிள்ளைகளின் தொகை அவரவர் பெயரில் தனி வரியாக இருக்கட்டும்.

ஊர்க்கூட்டம் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது விவாகரத்து ஆகாது. சாதி வழக்கம் என்று நீதிமன்றத்தில் நிரூபிப்பது எளிதல்ல. நாளை இருவரில் யார் மறுமணம் செய்தாலும் சிக்கல்.

மகளிடம், அப்பாவும் அம்மாவும் இனி ஒரே வீட்டில் இருக்க மாட்டோம் என்று நேராகச் சொல்லுங்கள். 14 மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது செய்தியே இல்லை.

மாமாவுக்கு இன்றே நாலு வரி எழுதுங்கள்: ‘நான் கையெழுத்திட்டுக் கொடுத்த வக்காலத்தையும் மூன்று வெற்றுத் தாள்களையும் திருப்பித் தரவும். என் சார்பில் தாங்கள் ஆஜராக எனக்குச் சம்மதமில்லை. அந்தத் தாள்களில் எது எழுதப்பட்டாலும் அது என் ஒப்புதல் இல்லாதது.’ தேதி போட்டு, போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, விரைவுத் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ரசீதை அம்மா வீட்டில் வைக்காமல், ராமநாதபுரம் போகும் பையிலேயே போடுங்கள்.