அவுட்போர்டு இன்ஜின்: பக்கத் துளையில் நீர் மெலிதாக வந்தால்

கடலிலிருந்து வந்ததும் படகு இன்ஜினில் ஃப்ளஷ் மஃப் (இன்ஜின் நீர் உறிஞ்சும் துளைகளின் மேல் பொருத்தி, குழாய் நீரை உள்ளே விடும் ரப்பர் மூடி) மாட்டி 2 நிமிடம் நன்னீர் விடுகிறேன், ஆனாலும் இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் வெளியே வரும் பக்கத் துளையில் நீர் மெலிதாகவே பீய்ச்சுகிறது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் இன்ஜினை நிறுத்திவிட்டு அந்தத் துளைக்குள் மெல்லிய தூண்டில் நரம்பை விட்டுப் பாருங்கள். பல நேரம் உப்போ மணலோதான் அடைத்திருக்கும். அதிலும் சரியாகவில்லை என்றால் இம்பெல்லரை, அதாவது குளிர்விக்கும் நீரை மேலே தள்ளும் ரப்பர் சக்கரத்தை, கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்; ரப்பர் இதழ்கள் தேய்ந்திருக்கலாம். அதுவரை கடலுக்குப் போகாதீர்கள்.

அப்புறம், 2 நிமிடம் போதாது. இன்ஜின் சூடாகி தெர்மோஸ்டாட் (சூடானதும் நீர் வழியைத் திறக்கும் வால்வு) திறந்தால்தான் நன்னீர் உள்ளே முழுதும் ஓடி உப்பைக் கரைக்கும். நீர் நன்றாக வரத் தொடங்கியதும் நியூட்ரலில், ஐடிலிங்கில் (வேகம் கூட்டாமல்), 10 நிமிடமாவது ஓட விடுங்கள். குழாயைத் திறந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள், இன்ஜினை நிறுத்திய பிறகே மூடுங்கள். தண்ணீர் இல்லாமல் சில நொடிகள் ஓடினாலே இம்பெல்லர் கெட ஆரம்பித்துவிடும்.