ஈமாக்ஸ் லிஸ்ப்: நேரடியாக ஓட்டுவதா, கம்பைல் செய்து ஓட்டுவதா?

ஈமாக்ஸ் என்ற உரைத்திருத்தியின் லிஸ்ப் மொழியில் தாங்கள் எழுதிய ஒரு ஃபங்ஷன், அதில் நேரடியாக மதிப்பிட்டு ஓட்டும்போது பெரிய லாக் கோப்பில் திணறுவதாகவும், பைட்-கம்பைல் செய்ததும் (அதாவது பைட்கோடு எனும் இடைநிலை வடிவத்துக்கு மாற்றியதும்) விரைந்து முடிவதாகவும் சொல்லி, இனி எல்லாவற்றையும் கம்பைல் செய்தே ஓட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதும்போதும் பிழை தேடும்போதும் அது தேவையில்லை. வேகத்தை அளக்கும்போது மட்டும் கட்டாயம் தேவை என்பதே என் உறுதியான கருத்து.

கம்பைல் ஆகாத நிரலை நேரடியாக ஓட்டும் இன்டர்பிரட்டர் உங்கள் நிரலை லிஸ்ட் வடிவிலேயே வைத்துக்கொண்டு, லூப் சுற்றும் ஒவ்வொரு முறையும் அதை முதலிலிருந்து படித்து மதிப்பிடுகிறது. ஒரு மாறி நிரலில் எழுதப்பட்ட இடத்தை வைத்தே அது எதைக் குறிக்கிறது என்று முடிவு செய்யும் லெக்ஸிக்கல் பைண்டிங் இயக்கத்தில் இருந்தால், ஒரு உள் மாறியின் மதிப்பு வேண்டும்போதெல்லாம் பெயரும் மதிப்புமாக அடுக்கிய ஒரு பட்டியலில் அதைத் தேடி எடுக்கிறது. பைட்கோடிலோ அந்த மாறிக்கு ஸ்டாக் எனும் நினைவக அடுக்கில் நிலையான இடம் முன்பே ஒதுக்கப்பட்டுவிடுவதால் தேடும் வேலையே இல்லை. நீங்கள் கண்ட வேறுபாடு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ஆனால் நேரம் முழுவதும் சி மொழியில் எழுதப்பட்ட ரெகுலர் எக்ஸ்பிரஷன் (உரையில் வடிவங்களைக் கண்டறியும்) தேடலிலேயே கழிகிறது என்றால், கம்பைல் செய்து பெரிய பயன் இராது.

2022-இல் வந்த ஈமாக்ஸ் 28, ஆண்ட்ரியா கொரல்லோவின் உழைப்பால், ஜிசிசி கம்பைலரின் நூலகமான லிப்ஜிசிசிஜிட் வழியாக இயந்திர மொழிக்கே மாற்றும் வசதியையும் தந்தது. பின்னணியில் தானாக நடக்கும் இந்த மாற்றம், பைட்-கம்பைல் செய்யும்போது உருவாகும் ‘எல்சி’ கோப்பு ஏற்றப்படும்போதுதான் தொடங்குகிறது. மூலக்கோப்பை மட்டும் ஏற்றினால் அது நிகழாது.

அளக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கம்பைல் ஆன ஒரு ஃபங்ஷனில் ஒரு வரியைத் திருத்திவிட்டுக் அதை மறுபடி மதிப்பிடக் கண்ட்ரோல்-ஆல்ட்-எக்ஸ் அழுத்தினால், அந்த ஃபங்ஷன் மட்டும் சத்தமில்லாமல் இன்டர்பிரட்டர் வடிவத்துக்கு மாறிவிடும். திருத்தம்தான் வேகத்தைக் குறைத்தது என்று அதன்பின் நினைத்துக்கொள்வது மிக எளிது. ‘டிஸ்கிரைப்-ஃபங்ஷன்’ கட்டளை காட்டும் முதல் வரியிலேயே அது எந்த வடிவில் உள்ளது என்பது தெரியும்.

பிழை தேடும் நேரத்தில் நேரடி ஓட்டமே மேல், ஏனெனில் ஈமாக்ஸின் பிழைதேடும் கருவியான ஈடீபக் மூலநிரலின் மீதுதான் படிப்படியாக நடக்கிறது. வேகம் வேண்டாதவர்களும்கூட முடிவில் ஒருமுறை கம்பைல் செய்துவிடுவது நல்லது: அறிவிக்கப்படாத மாறியையும் எழுத்துப்பிழையான ஃபங்ஷன் பெயரையும் கம்பைலர் முன்கூட்டியே எச்சரித்துவிடும்.

கம்பைல் செய்யத் தொடங்கினால் பழைய ‘எல்சி’ கோப்புகள் மீது ஒரு கண் இருக்கட்டும். மூலக்கோப்பு புதிதாக இருந்தாலும் ஈமாக்ஸ் இயல்பாகப் பழைய ‘எல்சி’யையே ஏற்றும், ‘லோடு-ப்ரிஃபர்-நியூவர்’ மாறியை ‘டி’ (லிஸ்ப்பில் ‘ஆம்’) என்று வைத்தால் இது தீரும். கம்பைல் ஆகும்போதே வேறு நிரலாக விரிந்துவிடும் மேக்ரோக்களில் மட்டும் அதுவும் உதவாது. ஒரு கோப்பிலுள்ள மேக்ரோவை மாற்றினால், அதைப் பயன்படுத்தும் மற்றக் கோப்புகளின் ‘எல்சி’யில் பழைய விரிவே பதிந்திருக்கும், அந்தக் கோப்புகள் அனைத்தையும் மறுபடி கம்பைல் செய்தே ஆக வேண்டும்.