ஹெகாதேயின் சக்கரம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: விக்கா என்ற இக்கால மாந்திரீக வழிபாட்டில் ஈடுபட்டிருக்கும் என் தோழி, வெள்ளிப் பதக்கம் ஒன்றை எப்போதும் அணிந்திருக்கிறாள். வட்டத்துக்குள் மூன்று மடிப்புகளாக வளைந்து செல்லும் புதிர்ப்பாதையும், அதன் நடுவில் ஒரு சுழியும் அதில் இருக்கின்றன. அது ஹெகாதே என்ற கிரேக்கத் தேவியின் சக்கரம் என்றும், இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நூலிலேயே அந்த வடிவம் வருணிக்கப்பட்டிருக்கிறது என்றும் சொல்கிறாள். உண்மைதானா?

பதில்: பெயரைப் பொறுத்தவரை உங்கள் தோழி சொல்வது ஏறக்குறைய சரி. வடிவத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல இடமில்லை.

அவர் குறிப்பிடும் நூல் கல்தேய வாக்குகள் எனப்படும் தொகுப்பாகத்தான் இருக்க வேண்டும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ரோமப் பேரரசர் மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்தில் தோன்றியதாகக் கருதப்படும் இந்தக் கிரேக்கச் செய்யுள்கள் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிற்காலத் தத்துவ அறிஞர்கள் தங்கள் உரைகளில் எடுத்தாண்ட துண்டுகளாக மட்டுமே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று, 'ஹெகாதேயின் ஸ்ட்ரோஃபாலோஸைக் கொண்டு செயல்படு' என்ற பொருளில் அமைந்த கட்டளை. ஸ்ட்ரோஃபாலோஸ் என்பது 'திருப்பு, சுழற்று' என்று பொருள்படும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த சொல். வாக்கு அவ்வளவோடு நின்றுவிடுகிறது. மறுபிறப்பைக் குறிக்கும் பாம்பு புதிர்ப்பாதையாக வளைந்து நடுச்சுழியைச் சூழ்ந்திருக்கிறது என்றெல்லாம் இன்று பலரும் அந்த நூலின் பெயரில் மேற்கோள் காட்டும் வருணனை, எஞ்சியுள்ள துண்டுகளில் இல்லை.

அப்படியானால் ஸ்ட்ரோஃபாலோஸ் எப்படித்தான் இருந்தது? அதற்கு விடை, 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் வாழ்ந்த மைக்கேல் செல்லோஸ் என்ற பைசாந்திய அறிஞர் இந்த வாக்குகளுக்கு எழுதிய உரையில் கிடைக்கிறது. அவர் சொல்வதன்படி, அது ஒரு பொன் உருண்டை; நடுவில் நீலக்கல் பதிக்கப்பட்டிருக்கும்; மேற்பரப்பு முழுவதும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்; தோல் வாரால் அதைச் சுழற்றிக்கொண்டே வேண்டுதல்களை உச்சரிப்பார்கள். உருண்டையாக மட்டுமன்றி, முக்கோணமாகவோ வேறு வடிவிலோ இருந்தாலும் இத்தகைய கருவிகளை 'இயுங்க்ஸ்' என்றே அழைத்தார்கள் என்கிறார். சுழற்றும்போது பொருளற்ற ஒலிகளையும் விலங்குகளின் குரல்களையும் எழுப்புவார்கள், சிரிப்பார்கள், காற்றைச் சாட்டையால் அடிப்பார்கள் என்றும் எழுதிவிட்டு, இதெல்லாம் வெறும் பிதற்றல் என்று முடிக்கிறார். வெறுத்தவர் எழுதி வைத்த குறிப்பால்தான் விரும்புகிறவர்களுக்கு இந்தச் செய்தி கிடைத்திருக்கிறது என்பதை எண்ணினால் எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

ஆகவே பழைய ஸ்ட்ரோஃபாலோஸ் கையில் பிடித்துச் சுழற்றிய கருவி. பதக்கத்தில் இருப்பது அந்தக் கருவியின் பெயரைத் தாங்கிய இக்கால வரைபடம். அந்த மூன்று மடிப்புப் புதிர்ப்பாதையை ஹெகாதேயின் பெயரோடு இணைத்துப் பேசும் பண்டைய நூல் எதுவும் இல்லை.

கேள்வி: இயுங்க்ஸ் என்றால் என்ன? அதற்கும் இந்தத் தேவிக்கும் தொடர்பு எப்படி வந்தது?

பதில்: இயுங்க்ஸ் முதலில் ஒரு பறவையின் பெயர். மரங்கொத்திக் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய பறவை. அச்சுறுத்தப்பட்டால் கழுத்தைப் பாம்புபோல் முறுக்கி வளைத்துச் சீறும். அந்த அசைவில் மனிதரை வசப்படுத்தும் ஆற்றல் ஒளிந்திருப்பதாகக் கிரேக்கர் நம்பினார்கள். நான்கு ஆரம் கொண்ட சக்கரத்தில் அந்தப் பறவையைப் பிணைத்து, மெடேயா என்ற இளவரசியின் மனத்தைக் கவர்வதற்காக வீரன் யாசோனிடம் காதல் தேவி அஃப்ரோடீட்டே கொடுத்தாள் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பிண்டார் பாடுகிறார்.

காலப்போக்கில் பறவை விடுபட்டுச் சக்கரம் மட்டும் நின்றது. அது இயங்கிய விதம் மிக எளியது. ஆரமுள்ள சிறு சக்கரம் அல்லது வட்டத்தகடு ஒன்றின் மையத்தை ஒட்டி இரண்டு துளைகள் இடப்படும். அவற்றின் வழியே ஒரு நூலைக் கோத்து முனைகளை முடிந்து, இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு, தகட்டைச் சில முறை சுற்றி நூலை முறுக்கேற்ற வேண்டும். பிறகு கைகளை விலக்கினால் முறுக்கு அவிழும் வேகத்தில் தகடு சுழலும். கைகளைச் சற்றே நெருக்கினால் அதே வேகம் நூலை எதிர்த்திசையில் முறுக்கும். மறுபடி விலக்க வேண்டும். நான்கைந்து இழுப்புக்குள் ஆரங்கள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து, காற்றைக் கிழிக்கும் ஒரு ரீங்காரம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். குடுவைகளில் வரையப்பட்ட பண்டைய ஓவியங்களில் காதல் தெய்வம் ஈரோஸ் இந்தச் சக்கரத்தைக் கையில் ஏந்தி விளையாடுவதைக் காணலாம். ஒருவரை இழுத்து வரும் கருவியாக இதை நினைத்ததற்கு, இழுக்க இழுக்க உயரும் அந்த ஒலியே காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஹெகாதே இதற்குள் வருவது கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் தியோக்ரிட்டஸின் இரண்டாம் பாட்டில். தன்னைக் கைவிட்ட காதலனை மீட்க சிமைத்தா என்ற பெண் நள்ளிரவில் சடங்கு செய்கிறாள். 'இயுங்க்ஸே, அந்த ஆளை என் வீட்டுக்கு இழுத்து வா' என்ற வரி பல்லவியாகத் திரும்பத் திரும்ப வருகிறது. அதே சடங்கில் அவள் ஹெகாதேயை அழைக்கிறாள். நகரில் நாய்கள் ஊளையிடுவது கேட்டதும், தேவி முச்சந்தியில் வந்து நிற்கிறாள், வெண்கலத்தை உடனே ஒலிக்கச் செய் என்று பணிப்பெண்ணிடம் சொல்கிறாள். காதல் வசியத்துக்குப் பயன்பட்ட இந்தக் கருவியையே, சில நூற்றாண்டுகள் கழித்துத் தத்துவவாதிகள் தெய்வத்தை அடையும் சாதனமாக உயர்த்தினார்கள். கல்தேய வாக்குகளில் ஹெகாதே, அறிவால் மட்டுமே உணரத்தக்க மேலுலகத்துக்கும் பருப்பொருள் உலகத்துக்கும் இடையே நிற்பவள், உலக ஆன்மாவின் ஊற்று. 5ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸில் கற்பித்த புரோக்ளஸ், இயுங்க்ஸ் ஒன்றைச் சுழற்றி மழை வருவித்து ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிக்கா நாட்டை வறட்சியிலிருந்து காத்தார் என்று அவருடைய மாணவர் மரீனஸ் எழுதியிருக்கிறார்.

கேள்வி: சக்கரத்தின் மூன்று மடிப்புகளும் கன்னி, தாய், முதியவள் என்ற மூன்று பருவங்களைக் குறிக்கின்றன என்கிறார்களே?

பதில்: இன்றைய விக்கா மரபினர் பலர் அப்படிப் பொருள் கொள்கிறார்கள், தங்கள் வழிபாட்டுக்கு அவ்வாறு பொருள் கொள்ள அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அது பண்டைய கிரேக்கரின் எண்ணம் அன்று.

மூன்று பெண் பருவங்களை நிலவின் வளர்ச்சி, முழுமை, தேய்வு ஆகியவற்றோடு இணைத்து ஒரே தேவியாகக் காட்டும் கருத்தைப் பரவலாக்கியவர், 1948இல் வெளியான தம் நூலின் வழியே ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ். பிரிட்டனில் 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டு, 1954இல் விக்காவின் முன்னோடி ஜெரால்டு கார்ட்னர் தம் வழிபாட்டு மரபை நூலாக வெளியிட்ட பிறகு, அந்தக் கருத்து விக்காவுக்குள் இயல்பாக வந்து அமர்ந்துகொண்டது.

கிரேக்கச் சிற்பங்களைப் பார்த்தால் கதை வேறு. ஹெகாதேயை மூன்று உடல்களோடு முதலில் செதுக்கியவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டுச் சிற்பி அல்காமெனஸ் என்றும், அந்தச் சிலை ஏதென்ஸின் அக்ரோபொலிஸ் குன்றில் வெற்றித் தேவி நைக்கியின் கோயிலருகே நின்றது என்றும், கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பவுசானியாஸ் குறிப்பிடுகிறார். ஏஜினா தீவில் ஒரே முகமும் ஒரே உடலும் கொண்ட அவளுடைய சிலை இருந்தது என்பதையும் அவரே சொல்கிறார். அதாவது, மூன்று என்பது அவளுடைய பிறவி இலக்கணம்கூட அல்ல. அல்காமெனஸுக்குப் பின் பெருகிய சிறு பளிங்குச் சிலைகளில், ஒரு தூணைச் சுற்றி மூன்று பெண்கள் முதுகை ஒட்டி நிற்கிறார்கள். மூவரும் ஒரே வயதுக்காரர்கள், மூவரும் இளம்பெண்கள். ஆடையின் மடிப்பும் கூந்தலும்கூடப் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவர்களுக்குள் வேறுபடுவது பார்க்கும் திசைதான். மூன்று சாலைகள் கூடும் இடத்தைக் காப்பதற்காக ஹெகாதேயின் முகங்கள் மூன்று பக்கம் திரும்பியிருக்கின்றன என்று ரோமக் கவிஞர் ஓவிட் நேரடியாகவே சொல்லிவிட்டார்.

பெர்கமோன் என்ற பண்டைய கிரேக்க நகரின் பலிபீடத்தில், கீழ்த்திசைச் சிற்ப வரிசையில் இன்னும் நுட்பமான ஒரு காட்சி உண்டு. ராட்சதர்களோடு நடக்கும் போரில், ஹெகாதேயின் ஒரு பின்முதுகுதான் நமக்கு முழுமையாகத் தெரிகிறது. மற்ற இரண்டு தலைகளும் அதற்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்க, கைகள் மட்டும் தீவட்டி, வாள், ஈட்டி என்று ஆயுதங்களோடு விசிறிபோல் விரிகின்றன. அவளுடைய நாய் எதிரியின் தொடையைக் கவ்வுகிறது. அங்கேயும் முதுமைக்கு இடமில்லை.

கேள்வி: ஹெகாதே சூனியக்காரிகளின் தேவி என்றுதான் படித்திருக்கிறேன். அப்படிப்பட்டவளை இன்று ஏன் வணங்குகிறார்கள்?

பதில்: அந்தப் பெயர் பிற்பாடு வந்தது. அவளைப் பற்றிய மிகப் பழைய வருணனை ஹெசியோட் பாடிய தெய்வப் பிறப்புக் காவியத்தில், ஏறத்தாழ கி.மு. 700ஐ ஒட்டி வருகிறது. பெர்செஸுக்கும் அஸ்தேரியாவுக்கும் மகளான அவளுக்கு மண்ணிலும் கடலிலும் வானிலும் பங்கு உண்டு. நீதி வழங்கும் அரசர், போர்வீரர், பந்தய வீரர், மீனவர், மந்தை மேய்ப்பவர் என எல்லாருக்கும் விரும்பினால் அருள்வாள்; குழந்தைகளை வளர்ப்பவளும் அவளே. நாற்பது வரிக்கு மேல் நீளும் அந்தப் புகழுரையில் மந்திரமோ நள்ளிரவோ பேய்களோ வருவதில்லை. பெர்செஃபோனே கடத்தப்பட்டபோது அவளுடைய அலறலைத் தன் குகையிலிருந்து கேட்டதும், தேடி அலைந்த தாய் டெமெட்டருக்கு முன் கையில் விளக்கோடு வந்து நின்றதும் ஹெகாதேதான் என்கிறது டெமெட்டர் துதிப்பாடல்.

கி.மு. 431இல் மேடையேறிய நாடகத்தில் யூரிப்பிடீஸின் மெடேயா, தன் அடுப்பின் உள்ளறையில் உறையும் ஹெகாதேயின் பேரில் சபதம் செய்கிறாள். மூலிகையும் நஞ்சும் அறிந்த அந்தப் பெண்ணின் குலதெய்வமாகிவிட்ட பிறகு, இலக்கியத்தில் ஹெகாதேயின் இருண்ட பக்கமே பெரிதாக வளர்ந்தது. ஷேக்ஸ்பியரின் மேக்பெத் வரை அது நீண்டது. வழிபாட்டிலோ அவள் வாசலில் நிற்கும் காவல் தெய்வமாகவே இருந்தாள். ஏதென்ஸில் வீட்டுக்கு வீடு கதவின் முன் ஹெகாதே சிலை இருந்ததை அரிஸ்டோஃபனீஸ் ஒரு நகைச்சுவை நாடகத்தில் போகிற போக்கில் சொல்கிறார். இன்றைய துருக்கியின் தென்மேற்கிலுள்ள லகினாவில் அவளுக்குப் பெருங்கோயிலே இருந்தது; அங்கிருந்து அருகிலுள்ள ஸ்ட்ராடோனிகேயா நகருக்கு ஒரு சாவி ஊர்வலமாகச் சென்றது; அதைச் சுமந்தவள் ஓர் இளம்பெண். இக்கால வழிபாட்டாளர்கள் பலரும் தேடிப் போவது வழியையும் வாசலையும் காக்கும் இந்தத் தேவியைத்தான். என்னைக் கேட்டால், அவளுக்கு அடையாளம் தேடுகிறவர்களுக்குத் தீவட்டியும் சாவியும் சக்கரத்தைவிட உறுதியான சான்றுடையவை.

கேள்வி: இன்றைய வழிபாட்டில் அந்தச் சக்கரத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? அதற்கென்று நாள், நேரம் உண்டா?

பதில்: பதக்கமாக அணிவதும், பீடத் துணியில் அச்சிடுவதும், மெழுகுவர்த்தியில் கீறுவதும் பரவலான பழக்கம். தியானத்தில் அமர்ந்து, விரல் நுனியால் புதிர்ப்பாதையை வெளிவட்டத்திலிருந்து மையம்வரை மெல்லத் தொடர்ந்து சென்று திரும்புவோரும் உண்டு. செல்லோஸின் குறிப்பைப் படித்துவிட்டு, சுழலும் கருவியையே மறுபடி செய்து பார்ப்பவர்கள் மிகச் சிலர். பழமைக்கு நெருங்கியவர்கள் என்று சொல்வதானால் அவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

நாளைப் பொறுத்தவரை, ஆகஸ்ட் 13, நவம்பர் 16 ஆகிய இரண்டும் ஹெகாதேயின் இரவுகள் என்று இன்று கொண்டாடப்படுகின்றன. முதலாவது, ரோமர்கள் டயானாவுக்கு எடுத்த விழா நாள். ஏதென்ஸின் மாதங்களோ நிலவைப் பின்பற்றியவை என்பதால், நம் நாட்காட்டியின் நிலையான ஒரு தேதி அவர்களுடைய திருநாளாக இருந்திருக்கவே முடியாது. அவர்கள் கடைப்பிடித்தது மாத இறுதியில் நிலவு மறையும் இரவு. அன்று ஹெகாதேயின் விருந்து என்ற பெயரில் முச்சந்தியில் உணவு வைப்பார்கள். கி.மு. 388இல் அரங்கேறிய செல்வம் பற்றிய நாடகத்தில் அரிஸ்டோஃபனீஸ் இதைக் கிண்டல் செய்கிறார்: செல்வம் நல்லதா வறுமை நல்லதா என்பதை ஹெகாதேயிடமே கேளுங்கள், பணக்காரர்கள் மாதந்தோறும் விருந்து அனுப்புகிறார்கள், அது கீழே வைக்கப்படுவதற்குள் ஏழைகள் பறித்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று அவளே சொல்வாளாம். பழைய கிரேக்கச் சமயத்தை மீட்டெடுக்க முயலும் குழுக்களில் சிலர் இதை உள்வாங்கிக்கொண்டு, நிலவற்ற இரவில் வீட்டைப் பெருக்கித் துப்புரவாக்கி, சாலையில் வைக்க வேண்டிய உணவைப் பசித்தோருக்கு வழங்கும் அமைப்புகளிடம் நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: வடிவம் புதியது என்று தெரிந்த பிறகும் நான் அதை அணியலாமா? நம்பிக்கையாளர்கள் வருத்தப்படுவார்களா?

பதில்: தாராளமாக அணியலாம். புதிய சின்னம் என்பதற்காக அதை அணிந்து வேண்டுபவரின் பக்தி பொய்யாகிவிடாது. யாராவது அதன் பழமையைக் கேட்டால் மட்டும், சுழற்றிய கருவி பழையது, வரைபடம் நம் காலத்தது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் தோழியிடமும் இதைச் சொல்லலாம். கூடவே இரண்டு துளையிட்ட ஒரு தகட்டையும் நூலையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.