ஒத்திப் பணம் வட்டியில்லாப் பணமா? வாடகை வீடு பற்றிய கேள்வி பதில்

வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மதுரையில் சில போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருக்கிறேன். மனை வாங்கி விற்கும் வியாபாரம் என் துறையல்ல. வாடகைக்கோ ஒத்திக்கோ விடும் வீட்டைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒத்தி என்றால், மொத்தமாக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு மாத வாடகை இல்லாமல் குடியிருக்க விட்டு, கெடு முடிந்ததும் அதே தொகையைத் திருப்பிக் கொடுப்பது.

கேள்வி (கோ.புதூர்): அம்மா, கையில் 15 லட்சம் சேமிப்பு இருக்கிறது. 45 லட்சத்துக்கு ஒரு அடுக்குமாடி வீடு பார்த்திருக்கிறேன். 12,000 வாடகை வரும் என்கிறார் தரகர். 35 லட்சம் கடன் வாங்கலாமா? இப்போது அப்பாவின் தரைத்தள வீட்டில்தான் குடியிருக்கிறோம்.

பதில்: பேனாவை எடுங்கள் தம்பி. மறுவிற்பனை வீடென்றால் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் இரண்டும் சேர்ந்து 9 சதவீதம். வீட்டுக்கு 49 லட்சம் ஆகிவிடும். வாடகை ஆண்டுக்கு 1,44,000. அதில் பராமரிப்புக்கு மாதம் 2,000 வீதம் 24,000 போகும். வீட்டு வரி, சாக்கடைக் கட்டணத்துக்கு 6,000 வையுங்கள். ஒருவர் காலி செய்து அடுத்தவர் வரும்வரை ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் 12,000 போயிற்று. மோட்டார், குழாய், வெள்ளையடிப்பு என்று 10,000. மிஞ்சுவது 92,000. போட்ட பணத்தில் இது 2 சதவீதம்கூட இல்லை. 35 லட்சத்துக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுத் தவணை மாதம் 30,000-ஐத் தாண்டும். மாதந்தோறும் 22,000-க்கு மேல் உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும். சேமிப்பில் கையில் மிஞ்சுவதோ ஒரு லட்சம்.

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. அப்பா வீட்டின் மேல் 600 சதுர அடியில் ஒரு போர்ஷன் எடுங்கள். சதுர அடிக்கு 2,200 என்று வைத்தாலும் 13 லட்சத்துச் சொச்சம்தான். நிலத்துக்குச் செலவில்லை, கிரயப் பதிவுச் செலவும் இல்லை. 8,000 வாடகை வந்தால், செலவு கழிக்குமுன் 7 சதவீதம் நிற்கும். மேல்தளத்தை அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். மாநகராட்சி அனுமதி இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். தனி மின் மீட்டரும் மாடிக்கு வெளிப்படியும் கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் முன் ஒன்று: வீடு அப்பா பெயரில் இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் உண்டென்றால், மாடியையும் அதற்குரிய நிலப் பங்கையும் அப்பா உங்கள் பெயருக்குச் செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்யட்டும். பிறகு பணத்தைப் போடுங்கள். இல்லையேல் நாளைக்கு நீங்கள் கட்டிய மாடியும் எல்லோருக்கும் பொதுப் பங்காகிவிடும். இந்தத் தகராறில் உடைந்த குடும்பங்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

கேள்வி (திருமங்கலம்): எய்ம்ஸ் வருகிறதே, தோப்பூர்ப் பக்கம் மனை வாங்கிப் போட்டால் வாடகை வருமா?

பதில்: காலி மனை வாடகை தராது. அங்கே அடிக்கல் நாட்டியது 2019 ஜனவரியில். அதைச் சொல்லியே மனை விற்கிறார்கள். விலை ஏறுமா என்பதை வேறு யாரிடமாவது கேளுங்கள்.

கேள்வி (திருநகர்): 11 மாத ஒப்பந்தம் எழுதினால் போதும், பதிய வேண்டாம் என்கிறார்களே?

பதில்: பழைய பழக்கம் அது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிய வேண்டும் என்று 1908 பதிவுச் சட்டம் சொல்வதால் 11 மாதம் என்று எழுதினார்கள். ஆனால் தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றிய நில உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், வாடகை அதிகார அமைப்பிலும் பதிய வேண்டும். அரசு இணையதளத்திலேயே செய்யலாம். பதியாமல் விட்டால், நாளைக்கு வாடகை பாக்கி என்று போய் நிற்கும்போது உங்கள் கையில் பிடிமானம் இருக்காது.

கேள்வி (சிங்கப்பூர்): மதுரை வீட்டை இங்கிருந்தே வாடகைக்கு விட்டிருக்கிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: நீங்கள் வருமான வரிச் சட்டப்படி வெளிநாடு வாழ் இந்தியர் என்றால், வாடகை எவ்வளவு சிறியதானாலும் குடியிருப்பவர் வரி பிடித்துக் கட்ட வேண்டும். அது 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும். பெரும்பாலான குடித்தனக்காரர்களுக்கு இது தெரியாது. முதல் மாதமே சொல்லிவிடுங்கள். மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (வில்லாபுரம்): 8,000 வாடகை வரும் என் வீட்டை 6 லட்சத்துக்கு ஒத்திக்கு விட்டு, அந்தப் பணத்தை முன்தொகையாகக் கட்டி இரண்டாவது வீடு வாங்கப்போகிறேன். வட்டியில்லாப் பணம்தானே அம்மா?

பதில்: இல்லை. 8,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். ஆண்டுக்கு 96,000. 6 லட்சத்துக்கு அது 16 சதவீத வட்டி. வங்கி வீட்டுக்கடனைவிட ஏறக்குறைய இரு மடங்கு விலை கொடுத்துக் கடன் வாங்குகிறீர்கள். மூன்று ஆண்டு கழித்து 6 லட்சத்தையும் முழுசாகத் திருப்ப வேண்டும். அது அப்போது இரண்டாவது வீட்டின் சுவரில் இருக்கும்.

கேள்வி (ஆனையூர்): ஒத்தியை இப்படிச் சாடாதீர்கள் அம்மா. 24 சதவீத வட்டிக் கடன் கழுத்தை நெரித்தபோது ஒத்திப் பணம்தான் என்னைக் காப்பாற்றியது. மாதா மாதம் வாடகைக்கு அலையவும் வேண்டாம்.

பதில்: உங்கள் கணக்கு சரி. 24-ஐ அடைக்க 16-க்கு வாங்கினால் 6 லட்சத்துக்கு ஆண்டுக்கு 48,000 மிச்சம். அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். ஆனால் மூன்றாண்டில் 6 லட்சத்தைத் திருப்ப மாதம் 16,700 ஒதுக்க வேண்டும். ஒதுக்குகிறீர்களா? ஆம் என்றால் உங்களோடு எனக்கு வழக்கில்லை.

கேள்வி (வில்லாபுரம், மீண்டும்): அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கி இவருக்குக் கொடுத்துவிடலாமே? ஊரில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

பதில்: செய்கிறார்கள். சிக்குவதும் அங்கேதான். இருப்பவர் பணம் கைக்கு வராமல் சாவியைத் தரமாட்டார். வருபவர் வீடு காலியாகாமல் பணம் தரமாட்டார். நடுவில் நீங்கள் நகையை அடகு வைக்க ஓடுவீர்கள். ஒத்தித் தொகை அந்தத் தெருவில் 5 லட்சமாக இறங்கியிருந்தால் மீதி ஒரு லட்சத்துக்கும் ஓட வேண்டும்.

கேள்வி (செல்லூர்): நான் ஒத்திக்குக் குடியிருப்பவன். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்ததை உரிமையாளர் சொல்லவில்லை. இப்போது வங்கி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. ஒத்திப் பத்திரம் பதியவில்லை. என்ன செய்வது?

பதில்: இன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். வங்கியின் அடமானம் முந்தையது என்றால் உங்கள் உரிமை அதற்குப் பின்னால்தான். ஒத்தியைச் சட்டம் சுவாதீன அடமானம் என்கிறது; சொத்து மாற்றுச் சட்டப்படி அது பதிவு செய்த பத்திரத்தில் இருக்க வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதியது போதாது. பணம் கொடுத்ததற்கான வங்கிப் பரிமாற்றச் சான்று, சாட்சிகள், மின் கட்டண ரசீது எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

வில்லாபுரம் தம்பி, இவர் எழுதியதை இரண்டு முறை படியுங்கள். உங்கள் இரண்டாவது வீட்டுத் தவணை தவறி, வங்கி முதல் வீட்டையும் ஈடாகக் கேட்டு வாங்கியிருந்தால், உங்கள் ஒத்திக்காரர் இதே இடத்தில் நிற்பார். அட்வான்ஸானாலும் ஒத்தியானாலும் அது அடுத்தவர் பணம். தனி வைப்புக் கணக்கில் போட்டுவிட்டு அது இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (விளாங்குடி): வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறது. வாங்கிவிடலாமா?

பதில்: வில்லங்கச் சான்றில் பதிவானவை மட்டுமே தெரியும். வாய்மொழிப் பாகப்பிரிவினை தெரியாது, இறந்தவருக்கு எத்தனை வாரிசு என்பது தெரியாது. மூலப்பத்திரத்தை அசலாகக் கேளுங்கள். ஜெராக்ஸை மட்டும் காட்டினால் அசல் எங்கே அடகில் இருக்கிறது என்று கேளுங்கள். பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, அளவு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். வழக்கறிஞரின் கருத்துரைக்குக் கொடுக்கும் சில ஆயிரங்களில் கை சுருக்காதீர்கள்.

கேள்வி (தல்லாகுளம்): 11 மாத ஒப்பந்தம் எழுதினால் பதிய வேண்டுமா?

பதில்: வேண்டும். திருநகர்க்காரருக்கு எழுதியதைப் பாருங்கள்.

கேள்வி (பழங்காநத்தம்): வாடகைக்கு வரி எப்படி?

பதில்: வருட வாடகையில் நீங்கள் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று கழிவு உண்டு. பில் காட்ட வேண்டியதில்லை. கடன் வட்டிக் கழிவு பழைய முறை, புதிய முறைக்கு ஏற்ப மாறும். அதற்கு ஆடிட்டர்.

கேள்வி (அவனியாபுரம்): நான்கு மாத வாடகை பாக்கி. மின்சாரத்தைத் துண்டித்தால் போய்விடுவாரா?

பதில்: தொடாதீர்கள். தண்ணீர், மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்கிறது சட்டம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டு மாத பாக்கியே வெளியேற்றக் கோரப் போதுமான காரணம். நோட்டீஸ் அனுப்பி முறையாகப் போங்கள்.

கேள்வி (உத்தங்குடி): ஒப்பந்தம் 11 மாதம்தான், பதியாவிட்டால்?

பதில்: பதியுங்கள்.

கேள்வி (எஸ்.எஸ்.காலனி): குறிப்பிட்ட சமூகத்தாருக்கு மட்டும் விடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: நான் அப்படி விடுவதில்லை, விடவும் சொல்லமாட்டேன். வருமானம் என்ன, முந்தைய வீட்டுக்காரர் என்ன சொல்கிறார், இந்த இரண்டைத்தான் கேட்பேன்.

கேள்வி (தெப்பக்குளம்): என் முதல் குடித்தனக்காரர் அடுத்த வாரம் காலி செய்கிறார். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிக்கலாமா?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் பிடிக்கலாம். எழுதாமல் பிடித்தால் சண்டைதான். காலி செய்யும் நாளில் அவரையும் கூட வைத்துக்கொண்டு சுற்றி வாருங்கள். சமையலறைத் தொட்டிக்கு அடியில் இணைப்பில் விரலை வைத்துப் பாருங்கள், ஈரம் தெரியும். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பாருங்கள். குளியலறைக் கதவின் அடிப்பலகை உப்பியிருந்தால் அது நாள்பட்டது, அவர் தலையில் கட்டாதீர்கள். மின் மீட்டரைப் புகைப்படம் எடுங்கள். கழிப்பதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். மீதி அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்கிறது சட்டம். தனிக் கணக்கில் வைத்திருந்தால் அன்றைக்கே கொடுத்துவிடலாம்.